பதில் தாமதமாகாதபடி ஒப்பந்தம் எழுதுவது எப்படி? புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் ஃபிக்சர் (எந்திரத்தில் வேலைப்பொருளை அசையாமல் பிடித்துவைக்கும் சாதனம்) செய்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறைக்கு 4,80,000 ரூபாய்க்குப் பர்ச்சேஸ் ஆர்டர் வந்தது. ஆர்டர் தேதியிலிருந்து 6 வாரத்தில் டெலிவரி செய்ய வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அல்லது வாரத்தின் பகுதிக்கும் 1 சதவீதம் பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது. பட்டறைக்காரர் ஐந்தாம் நாளே டிராயிங்கை அனுப்பிவிட்டார். ஒப்புதல் வந்ததோ 24-ஆம் நாள். இடைப்பட்ட 19 நாட்களும் அந்த ஆர்டருக்கென்று வாங்கிய ஸ்டீல் பிளேட்டுகள், சாக்பீஸால் ஆர்டர் எண் எழுதப்பட்டு, வெட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஃபிக்சர் 57-ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. 15 நாள் தாமதம் மூன்று வாரமாகக் கணக்கிடப்பட்டு, பில்லில் 14,400 ரூபாய் 'எல்.டி.' (தாமதத்துக்காக ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவைக்கும் இழப்பீடு) பிடிக்கப்பட்டது. ஒப்புதல் மூன்றே நாளில் கிடைத்திருந்தால் அதே வேலை 41-ஆம் நாள் முடிந்து, கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே பொருள் போயிருக்கும்.

அந்த பர்ச்சேஸ் ஆர்டரை நான் வாசித்தேன். செய்து கொடுப்பவருக்கு நான்கு இடங்களில் கெடு இருந்தது. வாங்குபவர் பதில் சொல்வதற்கு ஓர் இடத்தில்கூடக் கெடு இல்லை. புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் விலையையும் அட்வான்ஸையும் பேசி முடித்ததும் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வேலை நின்று போகும் இடங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவருடைய பதிலுக்காகக் காத்திருக்கும் இடங்கள்தாம். அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் யார், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுதி வைப்பதற்கான முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எழுதாமல் விட்டால் சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 46-ஆம் பிரிவில், காலம் குறிப்பிடப்படாத இடத்தில் 'நியாயமான காலத்துக்குள்' செய்ய வேண்டும் என்கிறது. எது நியாயமான காலம் என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். வாங்குபவர் தாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வேலையை முடங்கச் செய்தால், அதனால் விளைந்த குறைபாட்டுக்குச் செய்பவர் பொறுப்பல்ல என்று 67-ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. ஆனால் 14,400 ரூபாய்க்காக எந்தப் பட்டறைக்காரரும் நீதிமன்றப் படி ஏறப் போவதில்லை. ஆகவே அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்திலேயே, கணக்குப் போட்டுப் பார்க்கும்படியாக எழுதிக்கொள்வதுதான் வழி.

முதல் படி: காத்திருக்கும் இடங்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் ஆர்டர் வந்த நாள் முதல் பணம் வரும் நாள் வரை நடப்பவற்றை வரிசையாக எழுதுங்கள். அதில் உங்கள் கையில் இல்லாதவற்றை மட்டும் வட்டமிடுங்கள். பொதுவாக டிராயிங் ஒப்புதல், சாம்பிள் ஒப்புதல், ஜாப் ஒர்க்காக (வாங்குபவரின் பொருளில் வேலை மட்டும் செய்து கொடுப்பதாக) இருந்தால் அவர்கள் தர வேண்டிய மூலப்பொருள், டெஸ்பாட்சுக்கு முந்தைய இன்ஸ்பெக்ஷன், நடுவில் கேட்கும் மாற்றங்களுக்கான விலை ஒப்புதல், பில் பாஸ் ஆகிய ஆறும் வட்டத்துக்குள் வரும். உங்கள் ஒப்பந்தத்தில் இந்த ஆறுக்கும் ஆறு ஷரத்துகள் இருந்தால் போதும். இருபது பக்கம் தேவையில்லை.

இரண்டாம் படி: நாள் எப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று எழுதுங்கள்

'6 வாரத்தில் டெலிவரி' என்பது அரைகுறையான வாக்கியம். ஆர்டர் தேதியிலிருந்தா, அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் ஏறிய நாளிலிருந்தா, டிராயிங் ஒப்புதலான நாளிலிருந்தா என்று சொல்லாத கெடு, சண்டை வரும்போது வாங்குபவரால் அவருக்குச் சாதகமாகவே வாசிக்கப்படும். 'ஆர்டர், அட்வான்ஸ், ஒப்புதல் அளிக்கப்பட்ட டிராயிங் ஆகிய மூன்றில் கடைசியாகக் கிடைப்பது எதுவோ, அது கிடைத்த மறுநாள் முதல் 42 நாட்கள்' என்று எழுதினால் குழப்பமில்லை.

அதேபோல் 'நாள்' என்றால் என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பதில் சொல்லும் கெடுக்களை வேலை நாட்களிலும், டெலிவரிக் கெடுவை நாட்காட்டி நாட்களிலும் எழுதுவது வசதியானது. மாலை 5 மணிக்குப் பிறகு வரும் மின்னஞ்சல் மறு வேலை நாளில் வந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், வெள்ளிக்கிழமை இரவு டிராயிங் அனுப்பிவிட்டுத் திங்கள் காலையில் கெடு முடிந்தது என்று சொல்லும் தகராறு எழாது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் பட்டறையில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புனேயிலோ குர்கானிலோ இருக்கும் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த விடுமுறை நாட்களையும் ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பதில் சொல்ல வேண்டியவர் யார், எந்த முகவரியில்

பர்ச்சேஸ் பிரிவுக்கு அனுப்பினால் டிசைன் பிரிவைக் கேட்கச் சொல்வார்கள், டிசைன் பிரிவில் கேட்டால் குவாலிட்டி பார்க்க வேண்டும் என்பார்கள். எனவே ஒவ்வொரு ஒப்புதலுக்கும் ஒரு பொறுப்பாளரையும், அவர் விடுப்பில் இருந்தால் மாற்றாக ஒருவரையும், பதவிப் பெயருடன் குறிப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பாளரின் பதில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

அறிவிப்புகளுக்கான மின்னஞ்சல் முகவரியை ஒப்பந்தத்தில் எழுதுவதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆம் பிரிவின்படி, பெறுபவர் ஒரு குறிப்பிட்ட கணினி வசதியை அறிவித்திருந்தால், செய்தி அதற்குள் நுழைந்த நேரமே அவர் பெற்ற நேரம். அறிவித்ததை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு. முகவரி எழுதப்பட்டிருந்தால், 'நான் மெயிலையே பார்க்கவில்லை' என்ற பதிலுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று பாதி ஒப்புதல்கள் அதில்தான் வருகின்றன, அதைத் தடுக்க முடியாது. 'வாட்ஸ்அப்பில் தரப்படும் ஒப்புதலை அதே நாளில் மின்னஞ்சலில் உறுதிப்படுத்த வேண்டும்; செய்பவர் அனுப்பும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலுக்கு ஒரு வேலை நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் அது சரியென்று கொள்ளப்படும்' என்று எழுதிவிட்டால், போனில் வந்த கட்டைவிரல் படமும் ஆவணமாகிவிடும்.

நான்காம் படி: மௌனத்துக்கு ஒரு பொருள் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். பதில் சொல்லாமல் இருப்பது சம்மதமாகாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய விதி. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை விற்பனை தொடர்பாக வந்த வழக்கிலிருந்தே அது மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் பேச்சில் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் இப்படிக் கொள்ளப்படும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடுகிறது.

மௌனத்துக்கு இரண்டு விதமான பொருள் கொடுக்கலாம். ஒன்று, ஒப்புதல் தரப்பட்டதாகக் கொள்வது. மற்றொன்று, பதில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் டெலிவரிக் கெடு ஒரு நாள் தானாக நீள்வது. முதலாவது வேகமானது, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஃபிக்சரின் பெயின்ட் நிறத்துக்கும் பேக்கிங் முறைக்கும் அது போதும். அளவு, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு), பாதுகாப்பு சம்பந்தப்பட்ட டிராயிங்குக்கு மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு உலோகத்தை வெட்டினால், பிறகு பொருந்தாத ஃபிக்சரை வைத்துக்கொண்டு இரு தரப்பும்தான் அவதிப்படும். அத்தகைய இடங்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது விதத்தில் எழுதிய ஒரு மாதிரி இதோ: 'செய்பவர் அனுப்பும் டிராயிங்குக்கு வாங்குபவர் 3 வேலை நாட்களுக்குள் ஒப்புதலோ எழுத்துபூர்வமான திருத்தமோ தர வேண்டும். தராவிட்டால் செய்பவர் நினைவூட்டல் அனுப்பலாம். நினைவூட்டலுக்குப் பின் 2 வேலை நாட்களுக்குள்ளும் பதில் வராவிட்டால், முதல் கெடு முடிந்த நாளிலிருந்து பதில் வரும் நாள் வரையிலான அத்தனை நாட்களும் டெலிவரிக் கெடுவுடன் தனி உத்தரவின்றிச் சேர்க்கப்படும். அந்நாட்களுக்கு எந்தப் பிடித்தமும் இல்லை.' நடுவில் ஒரு நினைவூட்டல் வைத்திருப்பதைக் கவனியுங்கள். வாங்கும் நிறுவனங்கள் திடீரென்று வெட்டும் ஷரத்தை ஏற்க மாட்டார்கள்; ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகு வரும் ஷரத்தைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

'தனி உத்தரவின்றி' என்ற சொல் முக்கியமானது. கெடு நீட்டிப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், அதை அவர்கள் பரிசீலிப்பார்கள் என்று இருந்தால், பதில் வராத இடம் இன்னொன்று உருவாகிவிடும்.

இன்னொரு நோயும் உண்டு. மூன்றாம் நாள் பதில் வரும், அதில் ஒரே ஒரு திருத்தம் இருக்கும். அதைச் சரிசெய்து அனுப்பினால் இன்னொரு திருத்தம் வரும். நான்கு சுற்று முடிவதற்குள் மாதம் ஓடிவிடும். எனவே எல்லாத் திருத்தங்களையும் ஒரே தடவையில் தர வேண்டும், முதல் சுற்றில் சொல்லாத புதிய திருத்தம் பிறகு வந்தால் அது மாற்றக் கோரிக்கையாகக் கருதப்பட்டு விலையும் கெடுவும் தனியாகப் பேசப்படும் என்று எழுதுங்கள். மூன்று நாள் கெடுவைக் காட்டிலும் இந்த ஒரு வாக்கியம் அதிக நாட்களை மிச்சப்படுத்தியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: மேலே கொண்டுபோகும் வழி

நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்பதை இரண்டு படிகளில் எழுதினால் போதும். முதலில் துறை மேலாளர், பிறகு ஆலைத் தலைவர், இருவருக்கும் தலா 2 வேலை நாட்கள். இது புகார் செய்வதாக இல்லாமல் ஒப்பந்தப்படியான நடைமுறையாக இருப்பதால், அன்றாடம் பழகும் பர்ச்சேஸ் அலுவலரின் மனம் நோகாமல் கடிதம் எழுத முடிகிறது.

ஆறாம் படி: பணம் வரும் கெடு

இங்கே சிறு தொழில்களுக்குச் சட்டமே கெடுவை எழுதித் தந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாள், பொருள் ஏற்கப்பட்டதிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் கணக்கு 45 தான். பணம் தருவது குறித்த இந்தப் பாதுகாப்பு நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடையாது.

'ஏற்கப்பட்டது' எப்போது என்பதிலும் சட்டம் மௌனத்துக்குப் பொருள் கொடுத்திருக்கிறது. டெலிவரியிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்கப்பட்ட நாள். ஜூன் 3-ஆம் தேதி பொருளை இறக்கி, டெலிவரி சலானில் கேட் சீலும் தேதியும் வாங்கிவிட்டீர்கள், ஜூன் 18 வரை எழுத்தில் ஆட்சேபம் இல்லை என்றால், 45 நாள் கணக்கு ஜூன் 3-இலிருந்தே ஓடி ஜூலை 18-இல் முடிகிறது. ஒப்பந்தத்தில் கெடு எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் ஜூன் 19-க்கு முன்பே பணம் வந்திருக்க வேண்டும். தேதியில்லாத கேட் சீலால் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும் என்பதால், வண்டியோடு போகும் பையனிடம் இதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகச் சேரும். இத்தகைய நிலுவைகளை விசாரிக்க இதே சட்டத்தின்கீழ் அமைந்த மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் முறையிடலாம். வாங்குபவர் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும், நீங்கள் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். போதாததற்கு, 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது: இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, வாங்குபவர் உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவிலிருந்து அவர்களாகவே உங்களைக் கூப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு) வேண்டும். அதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்; பின்னால் பதிவு செய்தவர்களுக்கு முந்தைய ஆர்டர்களில் இந்த உரிமை உண்டா என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. பதிவு எண்ணைக் கொட்டேஷனிலும் இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். அதோடு, 'பில்லில் குறை இருந்தால் கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் எல்லாக் குறைகளையும் ஒருசேரத் தெரிவிக்க வேண்டும்; குறையில்லாத தொகையை நிறுத்தி வைக்கக் கூடாது' என்ற ஷரத்தையும் சேருங்கள். 300 ரூபாய் லாரி வாடகைக் குழப்பத்துக்காக மூன்று லட்சம் நின்று போவது இதனால் தவிர்க்கப்படும்.

ஏழாம் படி: பிடித்தமும் ஊக்கத்தொகையும்

ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அது முழுவதையும் பிடித்துவிட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு, நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. இழப்பே ஏற்படாத இடத்தில் இப்பிரிவின் கீழ் இழப்பீடு கேட்க முடியாது என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நீங்கள் இருக்கும் பக்கம் எதுவானாலும், எல்.டி. ஷரத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு, உச்ச வரம்பு எத்தனை சதவீதம், யார் பக்கத் தாமதம் கழிக்கப்படும் என்ற மூன்றும் இருக்கட்டும்.

'காலமே இந்த ஒப்பந்தத்தின் சாரம்' என்ற வரியைப் பலர் மந்திரம்போல் சேர்க்கிறார்கள். 55-ஆம் பிரிவின்படி, காலம் சாரமாக இருந்தால் கெடு தவறியவுடன் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஆனால் அதே ஒப்பந்தத்தில் கெடு நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் ஷரத்து இருந்தால், அந்த வரி பொதுவாக வலுவிழந்துவிடும் என்று 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கும் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலம் சாரமாக உள்ள ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த பொருளை ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கோரப் போவதாக அறிவித்திருந்தால்தான் பின்னால் கோர முடியும்.

அபராதத்தை விட ஊக்கத்தொகைக்கு நல்ல பலன் இருப்பதாகவே என் அனுபவம் சொல்கிறது. 10 நாளில் பணம் தந்தால் பில்லில் 2 சதவீதத் தள்ளுபடி, ஒரு வாரம் முன்னதாக டெலிவரி செய்தால் 1 சதவீதம் கூடுதல் என்று எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தள்ளுபடியைப் பெற்றுத் தந்தோம் என்று மேலதிகாரியிடம் காட்ட ஒரு காரணம் கிடைக்கிறது, உங்கள் பில் அடுக்கின் மேலே வந்துவிடுகிறது.

எட்டாம் படி: தகராறு வந்தால்

7 நாள் நேரில் பேச்சு, 15 நாள் சமரசம், அதன் பிறகு நடுவர் தீர்ப்பு என்று கெடுவுடன் எழுதுங்கள்; பேச்சு நடக்கும்போது வேலையும் மறுப்பில்லாத தொகையும் நிற்கக் கூடாது என்பதையும் சேருங்கள். நடுவர் சட்டத்தின் 29பி பிரிவு, இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 6 மாதத்தில் தீர்ப்புத் தரும் விரைவு நடைமுறையை அனுமதிக்கிறது. சாதாரண நடைமுறையில் மனு, பதில்மனு முடிந்த பிறகே 12 மாதம் ஓடத் தொடங்கும். சிறிய தொகைகளுக்கு விரைவு நடைமுறையே தகுந்தது.

வேகம் வேண்டும் என்பதற்காக ஓர் எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். 30 நாளில் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும் என்பது போன்ற ஷரத்துகள் ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி செல்லாதவை. பதில் சொல்லும் காலத்தைச் சுருக்கலாம். நியாயம் கேட்கும் காலத்தைச் சுருக்க முடியாது.

ஒன்பதாம் படி: இந்த ஷரத்துகளை எப்படி உள்ளே கொண்டுவருவது

பெரிய நிறுவனத்தின் அச்சடித்த பர்ச்சேஸ் ஆர்டரை மாற்ற முடியாது என்று பலர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். மாற்ற வேண்டிய இடம் அதற்கு முன்பே இருக்கிறது, அது உங்கள் கொட்டேஷன். அதில் மூன்று நான்கு வரிகளாக இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஆர்டர் வந்ததும் அதன் பின்பக்க நிபந்தனைகளை வாசியுங்கள். உங்களுடையவற்றுக்கு மாறாக இருந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, இன்ன வரிகளைத் தவிர மற்றவற்றை ஏற்கிறோம் என்று ஆர்டர் ஏற்புக் கடிதம் அனுப்பி, அதற்கு ஒப்புதல் வாங்குங்கள். எதுவும் சொல்லாமல் பொருளை வெட்டத் தொடங்கிவிட்டால் அவர்களுடைய நிபந்தனைகளை ஏற்றதாகவே பொருள். தொகை பெரிதாக இருந்தால் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கையெழுத்தான பிறகு மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். அனுப்பிய தேதி, பதிலுக்குக் கெடு, நினைவூட்டல் தேதி, பதில் வந்த தேதி என்று நான்கு பத்திகள் போதும். ஒருமுறை சலுகை காட்டியதால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்ற வரியையும் ஒப்பந்தத்தில் வையுங்கள். அப்படி இருந்தாலும், நினைவூட்டலையே அனுப்பாமல் ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்பவரின் ஷரத்து வலுவிழந்துதான் நிற்கும்.

கோவை கணபதியில் இருக்கும் அந்தப் பட்டறைக்காரர் இப்போது கொட்டேஷனின் கீழே நான்காம் படியில் உள்ள வாசகத்தைத் தடித்த எழுத்தில் அச்சிடுகிறார். அதே வாங்குபவரிடமிருந்து அடுத்த ஆர்டர் வந்தபோது டிராயிங் போன மறு வேலை நாள் மாலை நான்கு மணிக்கு, எல்லாத் திருத்தங்களும் ஒரே தாளில், பொறுப்பாளரின் கையெழுத்துடன் வந்து சேர்ந்தன.